மூன்று மாதக் குடித்தனக்காரி

அந்தத் தையல்காரிக்குத் தெரு வைத்த பெயர் சி.ஐ.டி. துணி கொடுக்க வந்தவள் "சும்மா உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டால் போதும், எதற்காகப் பார்க்க வந்தாள் என்று இவள் இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொள்வாள். அப்படிப்பட்டவளிடம் வீட்டுக்காரர் வந்து தேனொழுகப் பேசினார்.

"தங்கச்சி, என் மக இங்கேயே வந்து இருக்கப் போறாளாம். அடுத்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடும்மா."

பதினோரு வருடமாக அந்தத் தெருப்பக்க அறையில்தான் மெஷின் ஓடுகிறது. ஜன்னல் வழியாகவே துணியை நீட்டிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்! நாலு தெரு தள்ளிப் போனால் தேடியா வருவார்கள்? பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கணவன் முதுகு போய் வீட்டோடு உட்கார்ந்ததிலிருந்து, அந்த ஜன்னலை நம்பித்தான் அடுப்பே எரிந்தது.

"நகராட்சி ஆபீஸ்ல புதன்கிழமை புதன்கிழமை வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு என்ன பாதுகாப்புன்னு சட்டம் சொல்றாங்களாம். யாரு வேணா போய்க் கேக்கலாம், இலவசம்தான். ஒரு எட்டு போயிட்டு வாயேன்" என்றான் கணவன்.

"கவர்மென்ட்டு, இலவசம், ரெண்டும் சேர்ந்து வருதா? உங்க காதுல யாரோ நல்லாப் பூ சுத்தியிருக்காங்க."

சொன்னாளே தவிர, புதன்கிழமை முதல் ஆளாக வரிசையில் நின்றாள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். "பேரு? முகவரி? வீட்டு உரிமையாளர் பேரு, போன் நம்பர்?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

சி.ஐ.டிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சட்டம் சொல்வதற்கு வீட்டுக்காரர் நம்பர் எதற்கு? இவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும், 'சார், உங்க வீட்டு ஆளு இங்க வந்துட்டுப் போகுது' என்று வத்தி வைக்கவா? வாய்க்கு வந்ததை அடித்துவிட்டாள். பெயர் தங்கையுடையது, தெரு அத்தையுடையது, உரிமையாளரோ அந்த நிமிடம்தான் பிறந்தார்.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?"

பதினோரு வருடம் என்றால் ஆளைக் கண்டுபிடித்துவிட மாட்டார்களா? "மூணு மாசம்" என்றாள்.

பெண் தட்டினாள். பிரிண்டர் ஒரு தாளைத் தள்ளியது. அதில் நீல முத்திரையைக் குத்தி நீட்டினாள். "ஒரு வருஷம்கூட ஆகலைன்னா சட்டத்துல உங்களுக்குப் பெருசா பாதுகாப்பு இல்லக்கா. ஒரு மாசம் டைம் கொடுத்து அவரு காலி பண்ணச் சொல்லலாம். எவ்வளவு காலமா இருக்கீங்கங்கிறதுதான் இதுல முக்கியம். மூணு மாசம்தானே?"

வாயைப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று பட்டது இவளுக்கு. "பின்ன என்ன, பொய்யா சொல்றேன்?" என்று தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"பதினோரு வருஷம்னு சொன்னியா?" என்றான் கணவன்.

"எல்லாம் சொன்னேன். சட்டமும் வீடு வச்சிருக்கிறவன் பக்கம்தான். வேற வீடு பார்ப்போம்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் அச்சடித்த தாள் ஒன்றும் பேனாவும் தயாராக இருந்தன.

"ஒரே ஒரு கையெழுத்து, தங்கச்சி. நானே விரும்பிக் காலி பண்றேன்னு இருக்கு. சும்மா ஒரு ஒப்புக்குத்தான்."

மூன்று தடவை படித்தாள். ஒரு குறையும் கண்ணில் படவில்லை. பேனாவை எடுத்துவிட்டாள். ஆனால் பிறவிக் குணம் விடுமா? தாளைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் அச்சடித்த தாளைத் தூக்கிப் போட மனம் வராத மனுஷன் அவர், மறுபக்கத்தையும் பிரிண்டரில் விட்டு எடுத்திருந்தார்.

அங்கே அதே நீல முத்திரை! போன மாதத் தேதி.

'கேள்வி: பதினோரு வருடமாக என் வீட்டில் குடியிருப்பவரை உடனே காலி செய்யச் சொல்லலாமா? பதில்: முடியாது. பத்து வருடத்துக்கு மேல் இருப்பவரைத் தீர்ப்பாயத்தின் உத்தரவின்றி வெளியேற்றக் கூடாது. அவரே விரும்பி எழுதிக் கொடுத்தால் மட்டும் இது பொருந்தாது.'

மேலே அவருடைய பெயர், முகவரி, போன் நம்பர். ஓர் எழுத்து பிசகாமல் இருந்தது.

"அது... அது பழைய தாளும்மா. குடு, வேற எடுத்துத் தர்றேன்" என்று கையை நீட்டினார். முகத்தில் ஈயாடவில்லை.

"பரவாயில்லண்ணே. இதுவே போதும்." பேனாவை வைத்துவிட்டுத் தாளை நாலாக மடித்துக்கொண்டு எழுந்தாள்.

கணவன் அதைப் படித்துவிட்டு முதுகு வலியையும் மறந்து துள்ளினான். "அடேங்கப்பா, என்ன ஒரு பித்தலாட்டம்! உன்னை மாதிரி ஒரு சி.ஐ.டி இல்லைன்னா நாம இந்நேரம் தெருவுல நின்னிருப்போம். அந்த ஆபீஸ்லயும் போய் இப்படித்தான் புளுகியிருப்பான் அந்த ஆளு."

அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

"இல்லைங்க. அங்க அவரு உண்மையத்தான் சொல்லியிருக்காரு. பொய் சொன்னது நான்."