ஒவ்வொரு ‘ப’வாக

ஸ்டூடியோவில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். விளம்பரக் குரல்களைச் சுத்தம் செய்து கொடுப்பது அவள் வேலை. அடுத்த அறையில் யாராவது பேனா மூடியைக் கழற்றினால்கூடத் திரும்பிப் பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவளின் சொந்த அக்கா வாசித்த பதிவைத்தான் பார்வையற்றோர் நூலகம் வேண்டாம் என்று திருப்பியது.

அக்கா உயிரியல் ஆசிரியை. பிசியோதெரபி படிக்கும் பார்வையற்ற மாணவர்களுக்கு ஓர் உடற்கூறியல் புத்தகத்தை வாசித்துத் தர முடியுமா என்று நூலகத்தில் கேட்டிருக்கிறார்கள். தங்கையிடம்கூட மூச்சு விடாமல், எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து, பத்து மணி நேரம் வரும் புத்தகத்தை வாசித்து அனுப்பிவிட்டாள். அது முடிந்த கையோடு தொண்டை படுத்துவிட்டது. வகுப்பில் வருஷக்கணக்காகக் கத்தியதில் குரல்நாணில் முடிச்சு. ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். எதுவானாலும் நோட்டில் எழுதிக் காட்டுவாள்.

அதனால் நூலகத்திலிருந்து போன் வந்தபோது தங்கைதான் எடுத்தாள். பேசியவர் அங்கே பதிவுகளைச் சரிபார்ப்பவர், அவரும் பார்வையற்றவர். தயவு தாட்சண்யம் பார்க்கிற ஆளில்லை.

“மைக்கை உதட்டோட ஒட்டி வெச்சுப் படிச்சிருக்காங்க. ‘ப’ வர்ற இடமெல்லாம் தொம்முன்னு இடிக்குது. ‘ச’ வந்தா ஊசி மாதிரி காதுல இறங்குது. எங்க பிள்ளைங்க ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டுத்தான் கேப்பாங்க. தாங்க மாட்டாங்க. திரும்பப் படிச்சுக் கொடுங்க. வகுப்பு தொடங்கப் பன்னிரண்டு நாள்தான் இருக்கு.”

“திரும்பப் படிக்க முடியாது சார். ஆனா பதிவு சரியா வந்து சேரும்” என்று அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

முதலில் சுலபமான வழியைத்தான் பார்த்தாள். சீறலைத் தானாகவே அமுக்குகிற வசதி கணினியில் இருந்தது. பத்து மணி நேரத்தையும் ஒரே மூச்சில் அதில் ஓட்டி, அக்காவுக்குப் போட்டுக் காட்டினாள். ‘தசை’ என்பது ‘ததை’ என்று கேட்டது. ‘சுவாசம்’ ‘துவாதம்’ ஆகியிருந்தது.

அக்கா நோட்டை இழுத்தாள். ‘யாருடி இவ? பல்லு முளைக்காத குழந்தை பாடம் நடத்துது!’

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அக்கா இன்னொரு வரி எழுதினாள். ‘விட்டுடு. வேற யாராவது படிக்கட்டும்.’

அந்த வரி தங்கைக்குச் சுருக்கென்றது. “நீ ஒழுங்காத்தான் படிச்சிருக்கே. அவசரப்பட்டது நான்” என்றாள்.

மறுநாளே ஸ்டூடியோவுக்கு லீவு சொன்னாள். சாப்பாட்டு மேஜையில் கணினியை வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். திரையில் ‘ப’ ஒவ்வொன்றும் புற்றுப்போல வீங்கி நின்றது. அந்த விரற்கடை இடத்தை மட்டும் பிடித்து, இடிக்கும் கட்டை ஓசையைக் குறைத்தாள். கொஞ்சம் கூடுதலாக நறுக்கினால் ‘பாதம்’ ‘ஆதம்’ ஆகிவிடும். அப்படி ஆனதை எல்லாம் பழையபடி வைத்துவிட்டு மறுபடி தொட்டாள். ‘ச’வுக்கு வேறு பக்குவம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, கூர் மழுங்கும் அளவுக்கு இறக்கினாள், மொட்டையாக விடவில்லை. மூச்சு வாங்கும் ஒலிகளில் கை வைக்கவே இல்லை. அக்கா பாடம் நடத்தும்போது அப்படித்தான் மூச்சு வாங்குவாள்.

ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு பகல் போனது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தில் வரி பார்த்தாள். சந்தேகமான இடத்தில் தங்கையின் தோளைத் தட்டுவாள். நான்காம் நாள் தட்டியபோது, “எந்த இடம்?” என்றாள் தங்கை. ‘இடம் ஒண்ணுமில்ல. சும்மா தட்டினேன்’ என்று பதில் வந்தது.

பதினோராம் நாள் இருவரும் நூலகத்துக்குப் போனார்கள். சரிபார்ப்பவர் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அங்கங்கே தாவித் தாவிக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று நிறுத்தினார்.

“நாலாம் அத்தியாயத்துல ஒரு காக்கா கத்துது.”

“எடுத்துடவா சார்?”

“இருக்கட்டும், பாவம்” என்றவர் ஹெட்போனைக் கழற்றினார். “நல்லா வந்திருக்கு. முடியாதுன்னு சொன்னீங்க, எப்படியோ திரும்பப் படிச்சுட்டாங்களே.”

கை வைத்ததே தெரியவில்லை என்பதைவிடப் பெரிய பாராட்டு தங்கையின் தொழிலில் கிடையாது. அவர் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் அக்காவால் பொறுக்க முடியவில்லை.

“திரும்பப் படிக்கல” என்று கரகரத்தாள். “அதே பதிவு. என் தங்கச்சி சரி பண்ணினது.”

“அக்கா! வாயைத் திறக்காதே!”

சரிபார்ப்பவர் அந்தக் கரகரத்த குரல் வந்த திசைக்குத் திரும்பினார். இந்தத் தொண்டையோடு யாரும் பத்து மணி நேரம் வாசித்திருக்க முடியாது என்பது அவருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. மறுபடி ஹெட்போனை மாட்டி, இம்முறை சாதாரண வேகத்தில், ஓர் அத்தியாயம் முழுவதையும் கேட்டார்.

“பதினேழு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்மா. கை வெச்ச இடம் ஒண்ணாவது என்கிட்ட மாட்டும். இதுல ஒண்ணுகூட மாட்டலை.” இன்னொரு நாற்காலியைத் தங்கை பக்கம் இழுத்துப் போட்டார். “உட்காருங்க. எப்படிப் பண்ணினீங்க? முதல்லேருந்து சொல்லுங்க.”

அவள் உட்கார்ந்தாள். முதல் ‘ப’விலிருந்து சொல்லத் தொடங்கினாள். அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.