மீதி முப்பத்தொன்பது கால்

கம்ப்யூட்டர்காரரின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாயருகே கொண்டுபோன டீக் கோப்பையோடு அப்படியே நின்றுபோனாள். அதே நொடியில் முன்னறைப் பழைய கம்ப்யூட்டரின் பிராசசர் சிப்பும் புகைந்து செத்திருந்தது. கல்யாணமான வருஷம் இருவரும் சேர்ந்து வாங்கிய பெட்டி அது. தெருவில் யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரருக்குக் கரண்ட் போனால் வெயிலில்கூட நிழல் விழாது. அதற்கே பழகிப்போன தெரு. "சிப்பை மாத்துங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

மாற்றுவதற்குச் சிப் கிடைக்க வேண்டுமே. அந்த ரகத்தைத் தயாரிப்பதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இதற்கிடையில் மனைவியின் விரல்களுக்கு ஊடாகக் கோப்பை தெரிய ஆரம்பித்தது. நகச்சாயம் மட்டும் சிவப்பாக அந்தரத்தில் நின்றது. இப்படியே போனால் தோளும் முகமும் மிஞ்சாது என்று புரிந்ததும் அவர் கிளம்பினார். காயலான் கடைகள், உடைத்துப் போட்ட லிஃப்ட் சர்க்யூட் பலகைகள், பழைய கல்லா மெஷின்கள் என்று ஒன்று விடாமல் துழாவினார். பாதிச் சிப்புகளைத் தங்கத்துக்காக உருக்கிவிட்டிருந்தார்கள். மீதியெல்லாம் மேற்புறத்தைத் தேய்த்து வேறு எண் அச்சடித்த போலிகள். நகச்சாயம் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போலியின் கறுப்புப் பூச்சு பஞ்சில் ஒட்டிக் குட்டு வெளிப்பட்டுவிடும். மனைவியின் பாட்டிலையே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். எங்கே துடைத்தாலும் பஞ்சு கறுத்தது.

தோள் மங்கத் தொடங்கிய அன்று, பஞ்சைக் கறுக்கவைத்த ஒரு சிப்பையே கையில் எடுத்துக்கொண்டார்.

"டூப்ளிகேட்னு உங்களுக்கே தெரியுது. அப்புறம் எதுக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"வீட்ல ஆள் நிக்குது."

சிப்பைப் பொருத்தியதும் அவள் கோப்பையில் வாய் வைத்தாள். "டீ ஏன் இப்படி ஆறிக் கெடக்கு?" என்றாள். அவர் குழந்தைபோல் அழுதார். சிப் அதே குடும்பத்து ரகம்தான், கொஞ்சம் மந்தம். காலையில் சொன்ன ஜோக்குக்கு மத்தியானம் சிரித்தாள். அதை அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் பள்ளி விடும் நேரமானால் குடையோடு வாசலில் போய் நிற்க ஆரம்பித்தாள். அவர்களுக்குக் குழந்தை கிடையாது. "பாப்பாவுக்கு இன்னிக்கு அரை நாள்தானே?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். இந்தச் சிப் இதற்கு முன் வேறொரு வீட்டில் இருந்திருக்கிறது, அங்கேயும் இப்போது யாரோ இப்படி நின்றுபோயிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார். தெரிந்த பிறகு, பகலிலும் கதவைத் தாழிட்டே வைத்தார்.

கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு சிறுமியைக் கையில் பிடித்தபடி ஒருவர். அவருடைய சட்டைப்பையிலும் நகச்சாயம் அழிக்கும் பாட்டில் இருந்தது. வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பழைய பெட்டியை எடைக்குப் போட்டவர், பிறகு அலைந்து திரிந்து பெட்டியை மட்டும் மீட்டு, சிப்பை வாங்கியவரின் விலாசத்தைக் கடைக்காரரிடம் கேட்டு வந்திருந்தார்.

"எங்க வீட்ல, இவ அம்மா நின்ன இடத்துல, இப்ப குடை மட்டும்தான் சார் தெரியுது" என்றார்.

கதவைச் சாத்திவிடலாமா என்று கம்ப்யூட்டர்காரர் நினைக்கத்தான் செய்தார். அதற்குள் அவருடைய மனைவி வந்து, முன்பின் பார்த்திராத அந்தச் சிறுமியின் அவிழ்ந்த ரிப்பனை முடிந்துவிட்டாள்.

அன்றிலிருந்து சிப் சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போகும், புதன்கிழமை இங்கே திரும்பும். சனிக்கிழமைகளில் அவள் டீயை முன்னாடியே குடித்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். "போன தடவை நின்னுக்கிட்டே இருந்து கால் மரத்துப்போச்சு" என்பாள். புதன் வரைக்கும் கம்ப்யூட்டர்காரர் சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்த மனிதர் திரும்பி வராவிட்டால்? சிப்பின் நாற்பது மெல்லிய கம்பிக் கால்களும் கழற்றிக் கழற்றி வளைந்துகொண்டே வந்தன. ஒருநாள் ஒன்று ஒடிந்தது. இரண்டு ஆண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பற்றவைத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை, கழற்றும் முன், "மீதி முப்பத்தொம்பது கால் நல்லாத்தானே சார் இருக்கு" என்றார் அந்த மனிதர், பயத்தை மறைக்க. கம்ப்யூட்டர்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் இருந்த மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கம்ப்யூட்டர்காரர் சிப்பை நெம்பி எடுத்தார்.

மத்தியானம் போன் வந்தது. "காலைல நான் சொன்ன முப்பத்தொம்பது காலுக்கு இங்க இவ சிரிச்சுட்டா சார்" என்றார் அந்த மனிதர். கம்ப்யூட்டர்காரர் "சரி" என்று போனை வைத்துவிட்டு, மனைவியின் விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.