அசையாத கால்

"ஸ்பீடு, தொடை எலும்பு முழுசா எங்க?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் ஸ்கேன் டாக்டர் கேட்டாள். ஸ்பீடு என்பது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். எதையும் சட்டென்று முடிப்பதால் வந்த பட்டப்பெயர் அது. திரையில் இருந்தது அவன் அக்காள் மகளின் கால். பதினோரு வயது. முட்டிக்கு மேலே எலும்பைக் கரையான் அரித்த மாதிரி ஒரு கட்டி.

எலும்புக் கட்டிக்கு முட்டியை மட்டும் படமெடுத்தால் போதாது. இடுப்புவரை முழு எலும்பும் வேண்டும். சில கட்டிகள் இடம் விட்டு, மேலே தள்ளி இன்னொரு குடித்தனம் வைக்கும். அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று அக்காளுக்காக வரிசையை மீறிக் குழந்தையை நுழைத்திருந்தான். காத்திருந்தவர்கள் கதவைத் தட்டவே, அந்த ஒரு படத்தை எடுக்காமல் விட்டுவிட்டான்.

"பாப்பா அசைஞ்சுட்டா மேடம். படம் கலங்கிப் போச்சு." வாய் முந்திக்கொண்டது.

"இதைப் பார்த்துத்தான் சர்ஜன் எங்க வெட்டணும்னு முடிவு பண்ணுவார். நாளைக்கே வரச்சொல்லு."

மறுநாள் வாசலிலேயே, அவன் சொன்ன அதே பொய்யை நம்பி அக்காள் தன் மகளைத் திட்டத் தொடங்கினாள். "மாமா யார் யாரோட முறைப்பையோ வாங்கிட்டு உன்னை உள்ள விட்டான். கொஞ்ச நேரம் கட்டை மாதிரி கிடக்க வலிக்குதாடி?"

"எனக்கே தெரியாம அசைஞ்சுட்டேன் போல. சாரி மாமா. இன்னிக்கு மூக்குல ஈ உக்காந்தாக்கூட விரட்ட மாட்டேன்."

இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் அவளை ஸ்கேன் படுக்கையில் படுக்கவைத்தான்.

இயந்திரம் சுத்தியல் போல் அடிக்கத் தொடங்கியது. கண்ணாடிக்கு அப்பால், அவள் கண்ணோரம் வழிந்த நீர் காதுப்பக்கம் இறங்கியது. துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை.

முழு எலும்பும் திரையில் விரிந்தது. வெளுத்த மஜ்ஜைக்கு நடுவே, இடுப்புக்குச் சற்றுக் கீழே, பொத்தான் அளவில் கறுப்பாய் ஒன்று.

டாக்டர் மூச்சை இழுத்தாள். "ஐயோ. இது தெரியாம வெட்டியிருந்தா... நல்லவேளை ஸ்பீடு, அழகா எடுத்துட்ட."

அந்தப் பாராட்டு முள்ளாய்த் தைத்தது.

"அன்னிக்கு அவ அசையல மேடம். நான்தான் எடுக்கல."

டாக்டர் முதல்முறையாக அவன் பக்கம் திரும்பினாள். "அவ அம்மாகிட்ட யார் சொல்றது?"

"நானே."

படுக்கை வெளியே வந்த பிறகும் சிறுமி விறைத்தே கிடந்தாள். "இப்ப அசையலாமா மாமா?"

"அசையலாம்டா." கதவருகே வந்து நின்ற அக்காளை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அக்கா, இவளைத் திட்டாத. அன்னிக்கும் இவ அசையல. அவசரத்துல நான் படத்தை விட்டுட்டு, பழியை இவ மேல போட்டேன். மேல இன்னொண்ணு இருக்கு. டாக்டர் சொல்வாங்க."

அக்காள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

"அப்ப நேத்தெல்லாம் நான் கட்டில்ல அசையாம படுத்துப் பழகினேனே மாமா?"

அவன் அவளைத் தூக்கக் கை நீட்டினான். அக்காள் நடுவில் வந்து மகளைத் தானே தூக்கிக்கொண்டாள்.

"நீ தள்ளு."