பதின்மூன்று சென்டிமீட்டர்

அவன் அளவெடுத்துக் கொடுத்த கண்ணாடி இருபது வருடத்தில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பட்டறையில் அவனுக்குப் பெயரே டேப்பு. அந்தப் பெருமையில் போய்க் கை வைத்தது யார் என்கிறீர்கள்? வெட்டும் எந்திரத்துக்கு வந்து நாலே மாதம் ஆன சொந்த அண்ணி!

ஒரு வீட்டு மாடிப்படியோரச் சட்டத்துக்குள் சரிவாக நிற்க வேண்டிய தடுப்புக் கண்ணாடி அது. சுவரின் அடிமூலையைப் பூச்சியமாக வைத்து, ஒவ்வொரு முனையும் எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில் என்று டேப்பு எழுதி வந்திருந்தான்: (60, 10), (180, 100), (147, 156), (27, 66). மேலே கொட்டை எழுத்தில், 'செவ்வகம், 150க்கு 65'.

அண்ணி கட்டம் போட்ட தாளில் நாலு புள்ளி வைத்து ஏதோ கணக்குப் போட்டாள்.

"தம்பி, மூலைக்கு மூலை அளந்தீங்களா?"

"எதுக்கு அண்ணி? எதிரெதிர் பக்கம் ரெண்டும் சமம். செவ்வகத்துக்கு வேற கொம்பா முளைக்கணும்?"

"பக்கம் சமமா இருந்தும் மூலை சாஞ்சிருக்கலாமே. உங்க முனைங்கள வெச்சுப் பாத்தா ஒரு மூலைவிட்டம் நூத்தி எழுபது, இன்னொண்ணு நூத்தி அம்பத்தேழு வருது. பதிமூணு வித்தியாசம். செவ்வகம்னா ரெண்டும் ஒண்ணா இருக்கணும்ல?"

அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே! "நீங்க அந்த வீட்டு வாசலக்கூடப் பாத்ததில்ல!"

"பாக்கலதான். ஆனா உங்க முனை தப்பா இருக்காதுன்னு நம்பித்தானே கணக்கே போட்டேன்?"

அந்த ரகத்தில் இருந்தது ஒரே கண்ணாடிப் பலகைதான். வெட்டியதை மூன்று மணிக்குப் பதப்படுத்தும் உலையில் வைக்க வேண்டும். அதில் பதமான கண்ணாடியை மறுபடி வெட்டப் போனால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். தப்பாக வெட்டினால் இருபது வருடப் பெயரும் அதோடு போச்சு. டேப்பு வண்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் பறந்தான்.

படியில் மண்டியிட்டு மூலைக்கு மூலை டேப்பை இழுத்தான். நூற்று எழுபது. மறுபக்கம் இழுத்தான். நம்பாமல் இன்னும் இரண்டு தடவை இழுத்தான். பிறகுதான் போனை எடுத்தான்.

"அண்ணி, நூத்தி எழுபது சரி. இன்னொண்ணு நூத்தம்பத்தேழுக்கு மூணு மில்லி கம்மி."

"எனக்கும் அப்படித்தான் வந்துச்சு தம்பி. மில்லிய விட்டுட்டு முழு எண்ணாச் சொன்னேன்."

"அடேங்கப்பா!" அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்துவிட்டான். இருந்த இடத்தை விட்டு நகராமல் இந்தப் படியை அளந்துவிட்டாளே! பொறாமைப்படக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள், மூலை சாய்த்து வெட்டிய கண்ணாடி சட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. வீட்டுக்காரர் அவன் முதுகில் தட்டினார். "உங்க கண்ணே கண்ணு!"

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? "என் கண்ணு ஏமாந்துடுச்சுங்க. இது எங்க அண்ணி போட்ட கணக்கு" என்றான்.

அன்றிலிருந்து டேப்பு நான்கு முனைகளை மட்டும்தான் எழுதுகிறான். என்ன வடிவம் என்ற இடத்தைக் காலியாக விட்டு, தாளை அண்ணியிடம் நீட்டுகிறான்.