படிக்காமல் சொன்ன புத்தகம்

புத்தகக் கடைக்காரருக்குப் பின்னட்டை போதும். அதில் இருக்கும் பத்து வரியை மேய்ந்து, முன்னட்டைப் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டால் முழு நாவலையும் கரைத்துக் குடித்தவர் மாதிரி பேசுவார். வருவதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் விற்பது யார் என்பது அவர் கட்சி.

எதிர்க்கடைத் தையல்காரம்மா தன் மகளுக்கென்று ஒரு புத்தகம் கேட்டு வந்தபோதும் அப்படித்தான் அளந்தார். மகளுக்குப் பதின்மூன்று வயது. புதுப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து யாரோடும் ஒட்டவில்லை. வீட்டிலும் கேட்டதற்கு மட்டும்தான் பதில்.

"இத எடுத்துட்டுப் போங்கம்மா. இந்த வயசுப் பிள்ளைங்களுக்குன்னே எழுதின மாயாஜால நாவல். நம்ம ஊருலயே நடக்குது. பஸ் டிப்போவுக்குக் கீழ ஒரு நகரம் இருக்கு, அதுக்கு நம்ம மணிக்கூண்டுதான் வாசல். நானே ரெண்டு தடவ படிச்சுட்டேன்."

"நீங்க சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்."

இரண்டு தடவை என்பது தானாக வந்து விழுந்தது. அதற்கெல்லாம் அவர் யோசிப்பதில்லை.

அடுத்த வாரம் தாயும் மகளும் வந்தார்கள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் பெண்தான் முதலில் உள்ளே பாய்ந்தாள்.

"அங்கிள், டிப்போவுக்குப் பின்னாடி போய்ப் பாத்தேன். சுவர் வச்சு அடைச்ச படிக்கட்டு ஒண்ணு நிஜமாவே இருக்கு! கதையில வர்றது அதுதானே?"

"அதேதான்."

"வாயே திறக்காதவ, இப்ப மூட மாட்டேங்குறாண்ணே" என்றாள் தாய். பெருமை தாங்கவில்லை.

"கிளாஸ்ல ஒருத்தரும் படிக்கல அங்கிள். உங்ககிட்ட மட்டுந்தான் பேச முடியும். உங்களுக்கு எந்த இடம் பிடிச்சுது?"

'நீ சொல்லு' என்று திருப்பிப் போட்டிருந்தால் தப்பியிருப்பார். அவர் கண்முன் நின்றது அட்டைப்படம்: மணிக்கூண்டின் உச்சியில் ஒரு பெண், கையில் சுடர்விடும் விளக்கு.

"கடைசியில அவ மேல ஏறி விளக்க ஏத்துவாளே, அந்த இடம். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

மகளின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எந்த விளக்கு அங்கிள்?"

"அவ கையில இருக்குமே, அதுதாம்மா."

அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். தாய் கோலப்பொடி மாதிரிப் பல நிறங்களில் அடுக்கியிருந்த குறிப்பேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவ விளக்க ஏத்தவே மாட்டா. ஏத்துனா கீழ நகரத்துல இருக்குற அவ தம்பி எரிஞ்சு போயிடுவான். அதனாலதான் இருட்டுலயே இறங்கிப் போவா. கதையே அதுதான்." சற்று நிறுத்தினாள். "அட்டையிலதான் எரியுது."

கடைக்காரருக்குக் காது மடல் சுட்டது. மேசைமேல் நேராக இருந்த பேனாக்களையே மறுபடி நேராக்கினார்.

"என்னடி ரெண்டு பேரும் ரகசியம் பேசறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. அங்கிள் அவருக்குப் பிடிச்ச இடத்தச் சொன்னாரு."

நாலு பேர் முன்னால் திட்டியிருந்தாலும் துடைத்துக்கொண்டு போயிருப்பார். ஒரு பிள்ளை தனக்காக மூடி மறைத்ததில் புழுவாய்ச் சுருண்டார்.

"அடுத்ததா ஒரு நல்ல புத்தகமா சொல்லுங்கண்ணே" என்றாள் தாய்.

அலமாரியை நோக்கிப் போன கை தானாக இறங்கியது.

"நான் சொல்றது சரிப்படாதும்மா. போன தடவ கொடுத்ததையே நான் படிக்கல."

"ரெண்டு தடவ படிச்சேன்னீங்களே?"

"ஒரு தடவகூடப் படிக்கல."

தாய் வாய்விட்டுச் சிரித்தாள். "போங்கண்ணே, உங்களுக்கு எப்பவும் விளையாட்டுதான்."

பெண் சிரிக்கவில்லை. அவரைக் கடந்து அலமாரிப் பக்கம் போனாள்.

"ஏண்டி துழாவுற? அங்கிளக் கேளேன்."

"நானே பாத்துக்கறேம்மா."

ஒரு புத்தகத்தை உருவினாள். அட்டையைப் பின்பக்கமாக மடித்துப் பிடித்துக்கொண்டு, முதல் பக்கத்தை நின்றபடியே படிக்கத் தொடங்கினாள்.