ஒன்பதாவது பாட்டின் முதல் டேக்

விலை படிவதற்காக, பிடித்த பொருளையும் பிடிக்காத முகத்தோடு பார்க்கிற துணிக்கடைக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். அக்கா, தான் விரும்பியவரை வீட்டுக்கு அழைத்து வந்த நாளில், அப்பா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேற காட்டும்மா" என்றார். அந்த மனிதர்தான் இன்றைக்கு என் மச்சான். எங்கள் இசைக்குழுவில் கிதார் அவர்தான். நான் பேஸ் கிதார். டிரம்ஸ் அடிப்பவர் தொழிலால் பிளம்பர்; அடைப்பு எடுக்கிற வேகத்திலேயே அடிப்பார். பாடுகிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர் உப்புத்தாள்.

அவன் குரல் அப்படி. மரத்தைத் தேய்ப்பதுபோல ஒரு கரகரப்பு. நாங்கள் வாசித்தது ஆல்டர்நேட்டிவ் ராக். அப்படியென்றால் என்ன என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், "நீங்க கேட்ட துணி இல்லேன்னா வேற ஒண்ணைக் காட்டுறோம்ல, அதுதான்" என்பேன். உண்மையில் பதினோரு வருஷமாக எங்கள் வண்டி ஓடியது அந்தக் கரகரப்பினால். பிறகு ஒரு டாக்டர் அவன் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, அது பாணி இல்லை, கட்டி என்றார். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது.

அதுவரை நாங்கள் வெளியிட்டது நாலு நாலு பாட்டாக இரண்டு சின்ன இசைத்தட்டுகள். முழு ஆல்பம் 'அடுத்த வருஷம்' என்றே தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அவன் குரலுக்கு அடுத்த வருஷமே இல்லை.

கடைக்குப் பின்னாலிருந்த துணிக் கிடங்கில் ரெக்கார்டிங் தொடங்கினோம். மூன்று பக்கமும் துணிப் பொதிகளை உத்தரம் வரை அடுக்கினால் எதிரொலி செத்துவிடும். மச்சானிடம் பழைய டேப் மெஷின் ஒன்று இருந்தது. எட்டுத் தடம். டிரம்ஸுக்கு நாலு, கிதாருக்கு இரண்டு, பேஸுக்கு ஒன்று. மிச்சமிருந்த ஒரே தடம் குரலுக்கு. மறுபடி பாடினால் பழையது அழிந்து அதன்மேல் புதியது ஏறும்.

"கம்ப்யூட்டர்லயும் ஒரு நகல் எடுத்து வச்சுக்கலாமே," என்றார் பிளம்பர்.

மச்சானுக்குச் சுருக்கென்றது. "கம்ப்யூட்டர்ல ஏத்துறவன் பயந்தாங்கொள்ளி. நீ ஒரு குழாய்க்கு ரெண்டு குழாயா போடுவே?"

"போடுவேன். தண்ணி உங்க பேச்சை நம்பி நிக்காது, மாஸ்டர்."

சிரித்தோம். நகல் எடுக்கவில்லை. டேப்பில் மட்டுமே பதிவு செய்கிற குழு என்பதில் எங்களுக்கு அப்படி ஒரு மிதப்பு.

எட்டுப் பாட்டு முடிந்தது. முதல் டேக்கை நான் ஒருமுறைகூட ஒத்துக்கொள்ளவில்லை. எதிராளி சொல்லும் முதல் விலைக்குத் தலையாட்டுவது எங்கள் வீட்டில் வெட்கக்கேடு. அந்தப் புத்தி பலித்தும் விட்டது. எட்டிலும் ஆறாவது, ஏழாவது டேக்தான் நின்றது. அதனால் நான் 'இன்னொண்ணு' என்றால் மற்ற மூவரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

ஒன்பதாவது, உப்புத்தாள் தன் மனைவிக்காக எழுதியது. அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சனிக்கிழமை கடைக்கு வந்து, நின்றபடியே சொன்னாள்.

"அண்ணே, மத்த எட்டும் ஊருக்கு. இது எனக்கு. வீட்ல பாத்திரம் கழுவும்போது பாடுவாரே, அப்படியே வரணும். மேடைப் பாட்டா ஆக்கிடாதீங்க. இனிமே எனக்கு இருக்கப்போறது அது ஒண்ணுதான்."

"என்கிட்ட விட்டுட்டியில்ல, நிம்மதியா போம்மா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மறுநாள் அவன் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஒரு பொதியில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினான். கை தன்பாட்டில் எதையோ துடைப்பதுபோல அசைந்தது. பாடினான். மூன்றாவது அடியில், தன் வரியைக் கேட்டுத் தானே லேசாகச் சிரித்துவிட்டு மேலே போனான். முடிந்தபோது பிளம்பர் மணிக்கட்டால் கண்ணைத் துடைத்தார். மச்சான் மெஷின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

இதுதான் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. தெரிந்ததால்தான் முகம் இறுகிக்கொண்டது. வாய் அதன் பழக்கத்துக்குச் சொன்னது: "பரவாயில்லை. இன்னொண்ணு பாப்போம்."

"பிடிக்கலியா, முதலாளி?" என்றான் உப்புத்தாள். கிண்டலாக அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

"பிடிச்சிருக்குடா. இன்னும் கொஞ்சம் படியுமான்னு பாக்கறேன்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். டேப்பைப் பின்னால் சுற்றிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

இரண்டாவது ஒரு மயிரிழை குறைந்தது. நாலாவதில் முடிவு நன்றாக இருந்தது, தொடக்கம் இல்லை. ஏழாவதில் அவன் அந்தச் சிரிப்பைத் திரும்பச் சிரிக்க முயன்றான், கேட்கச் சகிக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் துரத்தியது முதல் டேக்கை. அதை அழித்தவர்களும் நாங்களே. பதினாலாவதில் குரல் பாதி வரியில் அறுந்தது. அவன் கைக்குட்டையில் துப்பி, எங்களுக்குக் காட்டாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"போதுமா?" காற்றுதான் வந்தது.

"போதும்," என்றேன்.

ஆபரேஷன் முடிந்தது. ஆல்பமும் வெளிவந்தது. ஒன்பது பாட்டு, நாற்பத்தொரு நிமிஷம். ஒரு பத்திரிகை, கடைசிப் பாட்டில் குரலை வேண்டுமென்றே உடையவிட்டிருப்பது துணிச்சலான முயற்சி என்று எழுதியது. மச்சான் அதைக் கத்தரித்தார். எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டார்.

டீச்சர் கிடங்குக்கு வந்து, அதே பொதிகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டாள். கடைசிப் பாட்டு முடிந்ததும், "இது அவர் இல்லண்ணே," என்றாள்.

நான் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"முதல் தடவையே நல்லா வந்துச்சுன்னு எழுதிக் காட்டினாரு. அதைப் போடுங்க."

சாயம் போகாது என்று ஆயிரம் பேரிடம் சத்தியம் செய்த வாய் இது. ஒரு பொய்கூட அகப்படவில்லை. கடைசியில் வந்தது கடைப் பேச்சுதான்.

"அது இருப்பு இல்லம்மா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சரிண்ணே," என்று எழுந்து போய்விட்டாள்.

உப்புத்தாள் இப்போது என் கடையில்தான் துணி அளக்கிறான். கழுத்தில் ஒரு துளை. அதை மறைக்க மெல்லிய துணி கட்டியிருப்பான். வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதுவான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இதுவரை ஒரு வரி எழுதியதில்லை.

பேரம் பேச அவனால் முடியாது. வருகிறவர்கள் பாதிக்குப் பாதியாகக் குறைத்து ஒரு விலை சொன்னால் உடனே தலையாட்டிவிடுகிறான். நான் தடுப்பதில்லை. அவர்களோ திகைத்துப் போகிறார்கள். இவ்வளவு சுலபமாகப் படிகிறதென்றால் துணியில் ஏதோ கோளாறு என்று, திருப்பிப் பார்த்து, மோந்து பார்த்து, அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள்.

அவன் துணியை மறுபடி சுற்றி வைக்கிறான்.