வேலாயியின் இடது பெருவிரல்

புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் பகுதியில் பதினாறு வருடம் வேலை பார்த்தவள் வேலாயி. எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் ஒருநாள், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் தோல்பட்டியில் அப்பியிருந்த தூளைத் தட்டிவிடப் போனாள். பட்டி அவளுடைய இடது கையைப் பிடித்து இழுத்தது. கை தப்பியது, பெருவிரல் போய்விட்டது.

தோட்டத்தை நடத்துகிற துரை நல்ல மனுஷன். மூன்றே மாதத்தில் நட்டஈட்டுக் காசைக் கண்டியிலுள்ள அரசாங்கக் கந்தோருக்கு அனுப்பிவிட்டு, "போய் வாங்கிக்க, வேலாயி" என்று சொல்லியும் அனுப்பினார். வாங்குவதுதான் பாக்கி. அந்தப் பாக்கிக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

முதல் தடவை போனபோது கூடவே புருஷன் பெரியதம்பியும் வந்தான். கம்பளையில் பஸ் மாறி, கண்டியில் இறங்கி, விசாரித்து விசாரித்துப் படியேறினார்கள். கந்தோரில் இராமநாதன் என்ற கிளாக்கர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். யாரிடமும் கோபப்பட மாட்டார், கை நீட்டிக் காசு வாங்க மாட்டார். ஆனால் படிவத்தில் உள்ள கட்டங்களெல்லாம் நிரம்பாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"கையெழுத்துப் போடுவீங்களோ?"

"தெரியாதுங்கய்யா. கைநாட்டுத்தான்."

"அப்ப இந்தக் கட்டத்துக்குள்ளை இடது பெருவிரலை வையுங்கோ."

வேலாயி கையை நீட்டிக் காட்டினாள். இராமநாதன் கையைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவதென்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

"அந்த வெரலுக்குத்தாங்க காசே" என்றாள் வேலாயி.

"அது விளங்குது அம்மா. ஆனா நீங்கள் வேலைக்குச் சேரேக்கை வைச்ச அடையாளம் இடது பெருவிரல். அதோடை ஒத்துப் பாத்துத்தான் குடுக்கலாம். ஆள் மாறிக் குடுத்தனெண்டால் என்ரை பென்சன் போயிடும்."

"வலது வெரலு நல்லா இருக்குங்களே. அத வெச்சுக்கங்க."

"வலது விரலுக்கு இதிலை கட்டம் இல்லை."

இரண்டாம் தடவை தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டு. பிறகு, இவள்தான் வேலாயி என்று கிராம சேவகர் எழுதிக் கொடுத்த அத்தாட்சி. எல்லாவற்றையும் இராமநாதன் மரியாதையோடு வாங்கி, துளை போட்டு, பைலில் கோத்துக்கொண்டார். பைல் பருத்தது. கட்டம் மட்டும் வெறுமையாகவே கிடந்தது. "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறன். மறுமொழி வரட்டும்" என்பார். வேலாயிக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருநாள் சம்பளம் போனது. பெரியதம்பி இரண்டாம் தடவையோடு நின்றுகொண்டான். மழைநாளில், இல்லாத விரல் அரிக்கும். சொறியப் போய், சொறிய ஒன்றும் இல்லாமல் கையை மடியில் வைத்துக்கொள்வாள்.

ஐந்தாம் தடவையும் மறுமொழி வரவில்லை. "இந்தாங்கோ, புதுப் படிவம். பழசிலை மை கொட்டிப் போச்சுது" என்று இன்னொரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

வேலாயி கீழே இறங்கி வந்தாள். கந்தோர் வாசலில் ஒரு மேசையும் தட்டச்சு இயந்திரமுமாக உட்கார்ந்து பெட்டிசன் அடித்துக் கொடுக்கிற நளீர் நானா, அவளை ஐந்து தடவையும் ஏறும்போதும் இறங்கும்போதும் பார்த்தவர். "இங்க இரிங்க தங்கச்சி. தாளைக் காட்டுங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார்.

தாளை எழுத்தெழுத்தாக வாசித்தார். "இங்கதான் ஈக்கி. 'இடது பெருவிரல் அடையாளம்' எண்டு."

"கைன்னு போட்டிருக்கா நானா?"

நளீர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "கை எண்டு எங்கயும் போட்டில்ல."

வேலாயி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பிறகு நளீரைப் பார்த்தாள். நளீருக்கு மெல்ல மெல்ல விளங்கியது.

"பொய்யாப் போகாதா தங்கச்சி?"

"என்னா பொய்யி? எடதுதானே? பெருவெரல்தானே? என்னோடதுதானே?"

"மூண்டும் சரிதான்" என்றார் நளீர். குடிக்க வைத்திருந்த போத்தல் தண்ணீரை அவளுடைய காலில் ஊற்றினார். மைப்பெட்டியைத் தரையில் வைத்தார். லாட்டரிச் சீட்டு விற்கிறவன் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தான். வேலாயி சேலையை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டத்துக்குள் கால் பெருவிரலை வைத்து அழுத்தினாள். கட்டம் கொள்ளவில்லை; இரண்டு பக்கமும் கொஞ்சம் வழிந்தது. கீழே நளீர், 'என் முன்னிலையில் வைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

வேலாயி மறுபடியும் படியேறினாள். இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். இராமநாதன் படிவத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்ல கனமான விரல்" என்றார்.

"வேலை செய்யிற ஒடம்புங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கை முந்தானைக்குள் இருந்தது. ஒரு கேள்வி அவருடைய உதட்டுவரை வந்தது. ஆனால் கட்டம் நிரம்பியிருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக அவரை உறங்கவிடாத கட்டம். கேள்வியை விழுங்கிவிட்டு, சத்தமாக முத்திரை குத்தினார்.

ஆறு வாரத்தில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த லய வரிசையில் குடியிருக்கும் புஷ்பம் படிப்புத் தெரிந்தவள், அவள்தான் வாசித்தாள். 'தங்களுடைய இடது பெருவிரல் அடையாளம் முறைப்படி கிடைக்கப்பெற்றது. ஆகவே அவ்விரலை இழந்ததாகத் தாங்கள் கூறுவதில் ஐயம் எழுந்துள்ளது. விசாரணைக்குச் சமுகமளிக்கவும்.'

புஷ்பம் சிரித்துச் சிரித்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். வேலாயியும் சிரித்தாள். ஆனால் தலைவர் வந்து, "கவர்மெண்ட ஏமாத்துனேன்னு உள்ள போட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, சோற்றில் கை வைக்க முடியவில்லை. மூன்று நாள் யோசித்தாள். போகாவிட்டால் காசு நிச்சயமாக இல்லை. போனால் ஒருவேளை உண்டு. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஒரு சிங்களப் பெண் டொக்டர் வந்திருந்தார்; கந்தோரில் எல்லாரும் 'நோனா' என்றே கூப்பிட்டார்கள். நரைத்த கொண்டை, தடித்த கண்ணாடி. அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நின்றவர் இராமநாதனேதான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"இது ஆரின்ரை அடையாளம் எண்டு கேக்கிறா."

"என்னோடதுதாங்க."

"எந்த விரல் எண்டு கேக்கிறா."

வேலாயி செருப்பைக் கழற்றினாள். எதிரே கிடந்த கதிரையில் இடது காலைத் தூக்கி வைத்தாள். "இதுங்க."

இராமநாதனுக்கு மொழிபெயர்க்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. நோனா எழுந்து வந்து குனிந்தார். காலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். அளவுகோலால் இரண்டையும் அளந்தும் பார்த்தார். ஏன் இப்படிச் செய்தாள் என்று கேட்டார்.

வேலாயி ஒன்றும் விடாமல் சொன்னாள்: தலைவரின் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, கட்டம், கைவிட்டுப் போன ஐந்து நாள் சம்பளம். இராமநாதன் அதைச் சிங்களத்தில் ஒரே வரியில் சொல்லி முடித்தார்.

"நான் சொன்னது நீளமா இருந்துச்சுங்களே ஐயா?"

இராமநாதன் இருமினார். வேலாயி காத்திருக்கவில்லை. புசல்லாவைக் கடைத்தெருவில் கற்ற சிங்களம் போதும் என்று, நோனாவின் பக்கம் திரும்பி ஐந்து விரலைக் காட்டினாள். "பஸ் பாரக் ஆவா, நோனா. பஸ் பாரக்." ஐந்து தடவை வந்தேன் என்று. ஐந்தைக் காட்ட வலது கையைத்தான் தூக்க வேண்டியிருந்தது.

நோனாவின் தோள்கள் குலுங்கின. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மைப்பெட்டியை இழுத்து, வேலாயியின் வலது பெருவிரலைத் தானே பிடித்து மையில் உருட்டி, கட்டத்துக்கு வெளியே, தாளின் ஓரத்தில் பதித்தார். பக்கத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டார். இராமநாதனிடம் மெதுவான குரலில் என்னவோ சொன்னார். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை. வேலாயியும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் காசு வந்தது. நளீர் நானாவுக்கு ஒரு பை நல்ல தேயிலைத் தூள் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாதக் கடைசியில் எல்லாக் கந்தோர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போனதாக அவர் சொன்னார். 'பெருவிரல் என்பது கையின் பெருவிரலையே குறிக்கும். பாத விரல்கள் ஏற்கப்படமாட்டா.' அது எதற்கென்று விளங்காமல் எத்தனையோ கிளாக்கர்மார் தலையைச் சொறிந்திருப்பார்கள்.

மீதிக் காசில் வேலாயி ஒரு சினைப் பசு வாங்கினாள். தை மாதம் கன்று ஈன்றது. பால் கறக்க இரண்டு கைப் பெருவிரலும் வேண்டும். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலையை மத்தியானத்தோடு முடித்துவிட்டு வந்து படுக்கிற பெரியதம்பி, அன்றிலிருந்து காலையில் நாலரை மணிக்கு எழும்பிச் செம்பைத் தூக்க வேண்டியதாயிற்று. முதல் வாரம் பசு அவனை இரண்டு தடவை உதைத்தது. வேலாயி அடுப்படியில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, "மெதுவா புடிங்க, அதுக்கு வலிக்கும்" என்றாள். பசு வாங்குவதற்கு முன்பே அவள் இதையெல்லாம் யோசித்து வைத்திருந்தாள் என்று புஷ்பம் இன்றைக்கும் சொல்கிறாள்.